இளவரசு நினைவு உணவுக்கூடம்

போன் நம்பரைக் குடுத்துட்டீங்களா தம்பி? பஸ் ஸ்டாண்டுல கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு நின்னுச்சே ஒரு பொண்ணு, அதுகிட்ட? போச்சு. இனி உங்களுக்கு நிம்மதி கிடையாது. காலையில பல்லு வெளக்கும்போது போன் வரும். சாப்பிட உக்காந்தா வரும். "அண்ணா, குழந்தைகள் எதிர்காலத்தைப் பத்தி ஒரு நிமிசம் பேசலாமா"ம்பாங்க. மாசாமாசம் உங்க பேங்க்ல இருந்து அவங்களே எடுத்துக்கிடுவாங்க. நீங்க எதைக் குடுத்தீங்க, அது எங்கிட்டுப் போச்சு, ஒண்ணும் தெரியாது. வருசக் கடைசியில ஒரு காலண்டர் வரும். அதுல யாரோ ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

எங்கிட்டயும்தான் வந்துச்சு. "ஐயா, குழந்தைகள் உரிமைக்காக"ன்னு ஆரம்பிச்சுச்சு. "ஏம்மா, உரிமையை எந்தத் தட்டுல போட்டுத் திங்கிறது"ன்னு கேட்டேன். அப்புறம் ஒரு சின்னக் கொடியை எடுத்து என் சட்டையில குத்த வந்துச்சு. தட்டிவிட்டுட்டு பஸ்ல ஏறிட்டேன். சுதந்திர தினமாம். எனக்கு இன்னைக்கு வேற நாள்.

கோபமா? எனக்கென்ன கோபம். நியாயத்தைச் சொல்றேன். கொஞ்சம் அந்த ஜன்னலை இறக்குங்க, தூசி வருது.

நான் அருப்புக்கோட்டையில பெயிண்ட் கடை வச்சிருக்கேன். பேரு தங்கமாரியப்பன். கோயில், மசூதி, சர்ச்சு, பள்ளிக்கூடம், எதுக்கு வந்து கேட்டாலும் இல்லைன்னு சொன்னதில்லை. ஆனா ஒண்ணு, கண்ணால பாக்கணும். குடுக்கிறவன் நிக்கணும், வாங்குறவன் எதிர்ல நிக்கணும். சோறுன்னா தொண்டையில இறங்குறது தெரியணும். அதை விட்டுட்டு மெட்ராஸ்ல கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ்ல எவனோ கோட்டுப் போட்டுக்கிட்டு எனக்காக நல்லது செய்வான்னா அதை நான் எப்படித் தம்பி நம்புறது? என் வீட்டம்மா நம்புனா. மனோன்மணி. அவ நம்புனதுல வந்ததுதான் இவ்வளவும்.

எங்களுக்கு ஒரே பையன். இளவரசு. ஒம்பது வயசுல மூளைக்காய்ச்சல் வந்து போயிட்டான். இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. செத்த நாளை நாங்க கும்பிடுறதில்லை, அதை நினைக்கவே முடியாது. பொறந்த நாளைத்தான் வச்சிருக்கோம். இந்த ஆகஸ்ட் பதினஞ்சு. அந்த ஒரு நாள் அவன் பேரைச் சொல்லி பிள்ளைக சாப்பிடணும். அவன் சாப்பிடாம போன சோத்தை வேற பிள்ளைக சாப்பிடணும். அது நடந்தாத்தான் எனக்கு அந்த வருசத்தைத் தள்ள முடியும். நடக்கலைன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிர்றேன்.

ஊருக்கு வெளியே அன்புச்சுடர் இல்லம்னு ஒண்ணு. கிருபாகரன் சார்னு ஒருத்தர் நடத்துறாரு. நல்ல மனுசன். ஸ்கூட்டர்லதான் போவாரு, செருப்பு தேஞ்சிருக்கும். நூறு பிள்ளைகளுக்கு மேல இருந்துச்சு. வருசாவருசம் அங்கதான். எவ்வளவு ஒழுங்கு தெரியுமா? இளவரசு போட்டோவை ஸ்டூல்ல வச்சு மாலை போட்டிருப்பாங்க. பிள்ளைக இலைக்கு முன்னாடி வரிசையா உக்காந்திருக்கும். நான் போற வரைக்கும் ஒரு பிள்ளை இலையைத் தொடாது. கடையில ஆள் வந்து ஒரு மணி நேரம் லேட்டாப் போனாலும் தொடாது. நான் போனதும் எந்திரிச்சு, "வணக்கம் ஐயா"ன்னு ஒரே குரல். அப்புறம் கண்ணை மூடி இளவரசு அண்ணனுக்காக ஜெபம். அப்புறம்தான் சாப்பாடு. பருப்பு, நெய், வடை, பால்பாயசம். பாயசத்தை மட்டும் நானே என் கையால ஊத்துவேன். அந்தப் பிள்ளைக முகத்தைப் பாக்கணுமே. அதுக்கு ரசீது வேணுமா, காலண்டர் வேணுமா?

ஒரே ஒரு சிக்கல். ஆகஸ்ட் பதினஞ்சுன்னா எல்லாப் பயலுக்கும் தேசபக்தி வந்துரும். ஒருத்தன் பொங்கல் கொண்டாருவான், ஒரு சங்கம் மத்தியானம் பிரியாணி கொண்டாரும், சாயங்காலம் ஒரு நகைக்கடைக்காரன் பூரிக்கிழங்கு. மத்த நாள்ல எட்டிப் பாக்க நாதி இருக்காது. நான் கிருபாகரன் சார்கிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன், முதப் பந்தி நம்மளுதுதான், பசி இருக்கும்போதே நம்ம சோறு இறங்கிறணும்னு. வயிறு நிறைஞ்ச பிள்ளைக்குப் பாயசம் ஊத்துனா அது என்ன மரியாதை?

அதுல ஒரு வருசம் செண்பகவல்லின்னு ஒரு பிள்ளை, ஏழு வயசு இருக்கும், சாயங்காலம் வாந்தி எடுத்துருச்சு. நாங்க இளவரசு போட்டோவை எடுத்துட்டு வரத் திரும்பிப் போயிருந்தோம். என் வீட்டம்மாதான் தலையைப் பிடிச்சுக்கிட்டா. நான் சொல்றேன் கேளுங்க, அது வாந்தி எடுத்தது பிரியாணியை. நம்ம சாப்பாடு எப்பவோ செரிச்சுப்போச்சு. ஆனா மணி அதை விடலை. "ஏம்மா, வயிறு கொள்ளாம ஏன் சாப்பிட்ட"ன்னு கேட்டிருக்கா. அது சொல்லியிருக்கு, "வந்தவங்க குடுக்கிறதைச் சாப்பிடலைன்னா அடுத்த வருசம் வரமாட்டாங்கன்னு சார் சொன்னாரு." சரி, பிள்ளை அப்படிச் சொல்லுச்சு. நல்ல பழக்கம்தானே சொல்லிக் குடுத்திருக்காரு? இவ முகம் கறுத்துப்போச்சு. அப்புறம், "உனக்கு யாரும்மா இருக்கா"ன்னு கேட்டிருக்கா. "அம்மா இருக்கு, திருச்சுழிப் பக்கம். அப்பா செத்துப்போச்சு. அரிசி இல்லைன்னு என்னைய இங்க விட்டுருச்சு"ன்னுருச்சு.

அன்னையிலிருந்து வீட்டுல இதே பேச்சு. "அம்மா இருக்கிற பிள்ளைக்கு நாம ஏங்க பாயசம் ஊத்துறோம்? அரிசி இல்லைன்னுதானே விட்டா? அரிசி அங்க போனா என்ன?" நான் சொன்னேன், "அடி இவளே, ஒவ்வொரு வீடா நான் அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு அலையவா? அதுக்குத்தானே இல்லம் இருக்கு." கேக்கலை. அந்த நேரம் பாத்து ஒரு வக்கீலம்மா ஊருக்கு வந்துச்சு, ஒரு பெரிய அமைப்புல இருந்து. அப்பாவோ அம்மாவோ இருக்கிற பிள்ளைகளை வீட்டுக்கே அனுப்பணும், வளக்கிறதுக்கு அந்தத் தாய்க்கு மாசாமாசம் பணம் குடுக்கணும்னு கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கோம்னுச்சு. பிள்ளைகளை இல்லத்துல விட்ட பொம்பளைகளை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துல கூட்டிவச்சுப் பேச வச்சுச்சு. மணி அங்க போய் நாள் முழுக்க உக்காந்துட்டு வந்தா. கடையில ஆள் இல்லாம நான் தவிக்கிறேன்.

அப்பதான் நான் உணவுக்கூடம் கட்ட ஏற்பாடு பண்றேன். பிள்ளைக தகரக் கொட்டகையில உக்காந்து சாப்பிடுதுக, நல்லதா ஒரு ஹால் கட்டி இளவரசு பேரை வைக்கணும்னு பல வருச ஆசை. மணிக்கு அவங்க அப்பா குடுத்த ஒரு மனை இருந்துச்சு. அதை வித்தா முடிச்சிரலாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, பேனாவைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்றா தம்பி, "பாதி உங்க ஹாலுக்கு, பாதி அந்தக் கேஸுக்கு. சரின்னா கையெழுத்துப் போடுறேன்." வாங்க வந்தவன் பாக்கிறான், பத்திரம் எழுதுறவன் பாக்கிறான். என் மானம் போச்சு. "அது வக்கீல் பீஸுக்குப் போகும்டி, ஏசிக்குப் போகும்டி, பிளேன் டிக்கெட்டுக்குப் போகும்டி"ங்கிறேன். "போகட்டும்"ங்கிறா. "உன் பிள்ளை பேரு கூட அதுல இருக்காதுடி"ன்னேன். "அவன் பேரு எனக்குத் தெரியும்"னுட்டா. இப்படிப் பேசுறவ மேல கல்லைத்தான் கொண்டு எறியலாம். சரின்னு தலையை ஆட்டுனேன்.

பாதிப் பணத்தைப் போட்டு, மீதிக்குக் கடனை உடனை வாங்கிக் கட்டுனேன். நீங்க பாக்கணும் அதை. வழவழன்னு கல்லு, மேல பேன், கை கழுவ வரிசையாக் குழாய். பெயிண்ட் எல்லாம் நம்ம கடையிலேயே ஒசத்தி ரகம். வாசல்ல கருங்கல்லுல தங்க எழுத்து, 'செல்வன் இளவரசு நினைவு உணவுக்கூடம்'. கீழே உபயம் இன்னார்னு என் பேரு. அவ பேரும் போட்டேன், விட்டுறலை.

தெறந்து ஒரு வருசம் இருக்காது. கோர்ட்டுல தீர்ப்பு வந்துருச்சு. அந்தக் கூட்டம் ஜெயிச்சுருச்சு. ஆபீசருங்க ஜீப்புல வந்தாங்க, பிள்ளைகளை ஒண்ணொண்ணா விசாரிச்சாங்க, அம்மாமாருக்குச் சொல்லிவிட்டாங்க. அந்த அம்மாமாரு ஓடிவந்த ஓட்டம் இருக்கே! கொஞ்சம் நன்றி வேணாம்? நூறு பிள்ளையை இத்தனை வருசம் வளத்த மனுசன் வாசல்ல நிக்கிறாரு, அவரை ஒரு பார்வை பாக்கணும்ல? பிள்ளைகளைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டாளுக. பிள்ளைகளும் திரும்பிப் பாக்கலை. புது ஹாலை ஒரு பிள்ளை திரும்பிப் பாக்கலை தம்பி.

யாருமே இல்லாத பிள்ளைக ஒரு எட்டுப் பத்துத்தான் மிச்சம். அதுகளுக்குப் போடலாமேன்னு நீங்க கேப்பீங்க. இவ்வளவு பெரிய ஹால்ல பத்துப் பிள்ளை ஒரு மூலையில உக்காந்தா நல்லாவா இருக்கும்? போட்டோ எடுத்தா காலியாத் தெரியாதா?

இப்ப அந்த ஹாலை கிருபாகரன் சார் வாடகைக்கு விடுறாரு. காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம். என் மகன் பேரு போட்ட வாசல்ல எவனோ வாழைமரம் கட்டுறான், குத்துப்பாட்டுப் போடுறான். சண்டைக்குப் போனேன். "ஐயா, வாடகை வந்தாத்தான் இருக்கிற பிள்ளைகளைப் பாக்க முடியும். வீட்டுக்குப் போன பிள்ளைகளையும் பாக்கணும்"னாரு. வீட்டுக்குப் போன பிள்ளைகளை எதுக்குய்யா நீ பாக்கணும்னு கேட்டா, அங்கதான் கூத்து. மாசாமாசம் வரும்னாங்கள்ல அந்தப் பணம், அது நாலு மாசமா வரலையாம். எங்க போனாங்க அந்தக் கண்ணாடிக் கதவு ஆளுங்க? நான் சொன்னேன்ல? சொன்னேன்ல? வக்கீலம்மாவுக்குப் போன் போட்டா, அதுக்கும் சேத்து இன்னொரு மனுப் போட்டிருக்கோம்னுச்சாம். மனு வேகுற வரைக்கும் உலையில எதைப் போடுறது? இந்த மனுசன்தான் அந்தத் தேஞ்ச செருப்போட, ஸ்கூட்டர் முன்னாடி அரிசிப் பையை வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போய்ப் போட்டுட்டு வந்தாரு. "ஐயா, நீங்களும் கொஞ்சம் குடுத்தா நல்லது"ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். எங்கயோ ஒரு ஓட்டு வீட்டுல, எவளோ ஒருத்தி பானையில, நாலு படி அரிசி. அது இளவரசு பேருல வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? மணி குடுத்திருப்பா. கேட்டா சொல்லமாட்டா. ரெண்டு பக்கமும் குடுக்கிறவ அவ ஒருத்திதான் ஊருல.

டிக்கெட்டா? எடுத்துட்டேன்பா, போ அங்கிட்டு. ம். என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்?

போன வருசம். ஆகஸ்ட் பதினஞ்சு வருது, ஹாலு இருக்கு, சமையக்காரன் இருக்கான், பிள்ளைக இல்லை. எனக்குத் தூக்கம் போச்சு. கிருபாகரன் சார்தான் என் முகத்தைப் பாத்துட்டு, "ஒரு வேன் பேசிருங்க, அன்னைக்கு ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்திர்றேன்"னாரு. மனசு குளுந்துபோச்சு. ரெண்டு வேன் பேசுனேன். வந்துச்சுக. நல்லா வளந்திருந்துச்சுக. செண்பகவல்லியும் வந்துச்சு, ரெட்டைச் சடை, ரிப்பன் எல்லாம். பழையபடி போட்டோ, மாலை, வரிசை, "வணக்கம் ஐயா". ஹாலு நிறைஞ்சிருக்கு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

பாயசத்தை ஊத்திக்கிட்டே வர்றேன். செண்பகவல்லி இலையில சோறு அப்படியே இருக்கு. "ஏன்மா சாப்பிடலை? நல்லாயில்லையா?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் விடலை. சாப்பிடாம ஒரு பிள்ளை எந்திரிச்சா அன்னைக்கு என்ன ஆகுறது? "ஒரு வாயாவது வை"ங்கிறேன். அது மெதுவாச் சொல்லுச்சு, "அம்மா எனக்குச் சோறு வச்சுக்கிட்டு இருக்கும் ஐயா. நான் போய்த்தான் அதும் சாப்பிடும்."

சரிம்மா, பாதி சாப்பிடு, பாதி அங்க போய்ச் சாப்பிடுன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? மணி வந்தா. அந்தப் பிள்ளை கையைக் கழுவிவிட்டா. கூட்டிக்கிட்டு வெளியே போனா. வேன்லகூட ஏத்தலை, பஸ்ல கூட்டிட்டுப் போயிருக்கா. பந்தி நடந்துக்கிட்டு இருக்கு, என் பொண்டாட்டி பந்தியில இல்லை. அந்த ஊருல, அந்தக் காளீஸ்வரி வீட்டுல, அதான் செண்பகவல்லி அம்மா, அவ வீட்டுல கீழ உக்காந்து ரசஞ்சோறு சாப்பிட்டுட்டுப் பொழுது சாயத்தான் வந்தா. எம் மகன் பொறந்த நாளுக்கு நாங்க போடுறவங்களா, அடுத்தவ வீட்டுல கை நனைக்கிறவங்களா?

இந்த வருசம் வேனும் இல்லைன்னுட்டாரு கிருபாகரன் சார். "வேண்டாம் ஐயா, பிள்ளைக வீட்டுல இருக்கட்டும்"ங்கிறாரு. அவரும் மாறிட்டாரு. மணி சொல்லிட்டா, "நான் காளீஸ்வரி வீட்டுக்குப் போறேன். நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கா. வந்தா வாங்க. ஆனா பாயசச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வராதீங்க, அவ சமைக்கிறா." எனக்கு எப்படி இருக்கும்? இத்தனை வருசம் பரிமாறுன கை இது. இதை நீட்டி ஒருத்திகிட்டச் சோறு வாங்கணுமா? அவளுக்கே நாலு மாசமாப் பணம் வரலை. வர மாட்டேன்னுட்டேன்.

அப்புறம் போன வாரம் அந்தக் காளீஸ்வரி மணிக்குப் போன் போட்டிருக்கா. போட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கா. "அக்கா, உங்க மகனுக்கு என்ன பிடிக்கும்? அதையே ஆக்கிர்றேன்."

மணி போனைக் கையில பொத்திக்கிட்டு என்னைப் பாத்தா. நான் டக்குன்னு சொன்னேன், "பால்பாயசம்னு சொல்லு." "அவன் பாயசத்தை வாயில வச்சதே இல்லைங்க. இனிப்புன்னா ஓடுவான். உங்களுக்கு ஞாபகமே இல்லையா"ங்கிறா. அப்புறம் போன்ல சொல்றா, "கருவாட்டுக் குழம்பும்மா. நெத்திலிக் கருவாடு."

எனக்கு வந்துச்சே கோபம். பொறந்த நாளும் அதுவுமா எவளாவது கருவாடு ஆக்குவாளா? போட்டோவுக்கு முன்னாடி கருவாடா? கத்துனேன். தெருவே கேட்டுச்சு. மணி உள்ளே போயிட்டா. நான் வெளியே வந்து நின்னேன். நிக்கும்போது ஞாபகம் வந்துருச்சு தம்பி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா அடுப்படிக்கு ஓடுவான். மோந்து பாத்துட்டுத் துள்ளுவான். கருவாடுன்னா அந்தப் பயலுக்கு உசிரு. அத்தனை வருசம் அத்தனை பிள்ளைக்குப் பாயசம் ஊத்தியிருக்கேன், ஒருத்தன் கேக்கலையே அவனுக்கு என்ன பிடிக்கும்னு! கிருபாகரன் கேக்கலை. மெட்ராஸ்காரன் எவனும் கேக்கலை. எங்கிருந்தோ வந்த அரிசி இல்லாத ஒருத்தி கேக்குறா. அவ யாரு அதைக் கேக்கிறதுக்கு?

இன்னைக்குக் காலையில மணி முத பஸ்ல போயிட்டா. நான் ஹாலுக்குத்தான் போனேன். பத்துப் பிள்ளைக்காவது போடலாம்னு போனேன். உள்ளே எவன் வீட்டுக் காதுகுத்தோ நடக்குது. வாசல்ல ஒருத்தன் என்னைக் கும்பிட்டு, "வாங்க ஐயா, சாப்பிட்டுட்டுப் போங்க"ங்கிறான். என் ஹால்ல என்னையக் கூப்பிடுறான்! திரும்பி வந்துட்டேன். மார்க்கெட்டு வழியா வந்தேன். வந்துட்டு இந்த பஸ்ல ஏறிட்டேன்.

சாப்பிடவா? யாரு சாப்பிடப் போறா? நான் சாப்பிடப் போகலை. இந்தப் பை காலுல இடிக்குதா? கத்திரிக்காய்தான், அந்தப் பக்கம் வச்சுக்கிறேன். அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? மொச்சையைப் போட்டுக் கருவாட்டைக் கொதிக்க விட்டுருவா. இளவரசுக்கு அது ஆகாது. பிஞ்சுக் கத்திரிக்காயா இருக்கணும், காம்போட போடணும். காம்பைப் பிடிச்சு உறிஞ்சி உறிஞ்சித் திம்பான், சட்டையெல்லாம் குழம்பு வடியும், அவங்க அம்மா அடிக்க வருவா, எம் பின்னால வந்து ஒளிஞ்சுக்கிடுவான். மணிக்கு இது ஞாபகம் இருக்காது. அவ கருவாட்டை மட்டும்தான் சொன்னா, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கத்திரிக்காயைச் சொல்லலை. இந்நேரம் அடுப்புல ஏத்தியிருப்பாளுக. காம்பை நறுக்காதீங்கடின்னு சொல்ல அங்க ஒருத்தரும் இல்லை.

என்னது, தாண்டிருச்சா? யோவ் கண்டக்டர்! சொல்லக்கூடாதா நீ? நிப்பாட்டுய்யா, நிப்பாட்டு! தள்ளுங்க தம்பி, பையை எடுக்கணும்.